பண்ணுக்கு உரியவர் யார்?

பாட்டு காற்றில் பிறந்து காற்றிலே கரைவது. நிலத்திற்கு எல்லைக்கல் உண்டு. வீட்டிற்குச் சுவர் உண்டு. பெட்டிக்குப் பூட்டு உண்டு. பாட்டுக்கோ இவற்றுள் எதுவும் இல்லை. ஒருவர் பாடக் கேட்ட மறுகணமே அது கேட்டவர் வாயிலும் வந்து அமர்ந்துவிடுகின்றது. கொடுத்தவரிடம் குறையாமலும் பெற்றவரிடம் நிறைந்தும் நிற்கும் இப்பொருளுக்கு உடைமையாளர் என ஒருவர் இருத்தல் கூடுமா? இவ்வினா ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகளாக உலகின் நீதிமன்றங்களில் எழுந்துவருகின்றது.

இன்று அது தமிழ்ப்பள்ளியின் வாயிலுக்கும் வந்துவிட்டது. ஆண்டு விழாவில் மாணவர் ஆடிய நடனம், பொங்கல் விழாக் காட்சிகள், விளையாட்டுப் போட்டியின் அணிவகுப்பு ஆகியவை காணொளியாக்கப்பெற்று, பின்னணியில் திரைப்பாடல் ஒன்று சேர்க்கப்பெற்று, இணையத்தில் ஏற்றப்படுகின்றன. ஏற்றிய சிறிது நேரத்தில் சில காணொளிகளின் ஒலி அடங்கிவிடுகின்றது. சில, குறிப்பிட்ட நாடுகளில் காணக் கிடைப்பதில்லை. வேறு சிலவற்றின்மீது விளம்பரம் வந்து அமர்ந்து, அதன் வருவாய் பிறர் கைக்குப் போய்ச் சேர்கின்றது. “பொருள் ஈட்டவா செய்தோம்? பிள்ளைகளுக்காகத்தானே செய்தோம்” என்று ஆசிரியர்கள் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் நியாயம் உண்டு. பாடலை ஆக்கியவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. இவ்விரு நியாயங்களையும் உலகம் எவ்வாறு எடைபோட்டு வந்தது என்பதை அறிந்தாலன்றி இன்றைய சிக்கலின் இயல்பு விளங்காது.

அச்சும் பண்ணும்

பதிப்புரிமைச் சட்டங்களின் தாய் எனக் கருதப்பெறுவது, இங்கிலாந்தில் 1710 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஆன் அரசியார் காலத்துச் சட்டமாகும். அதன் தலைப்பே கல்வியை ஊக்குவித்தல் என்னும் நோக்கத்தோடுதான் தொடங்குகின்றது. புதிய நூலின் உரிமை 14 ஆண்டுகளுக்கு உண்டு. அக்காலம் முடியும்போது ஆசிரியர் உயிருடன் இருப்பின் மேலும் 14 ஆண்டுகள் நீளும். அதன்பின் நூல் அனைவருக்கும் பொது. ஆக்கியவர்க்கு ஊதியமும் மக்களுக்குக் கல்வியும் கிடைத்தல் வேண்டும் என்னும் இரட்டை நோக்கம் தொடக்கத்திலேயே அமைந்திருந்தமை கருதத்தக்கது.

அச்சட்டம் நூலைப் பற்றிப் பேசிற்றேயன்றி இசையைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. பெரும் இசைமேதையான யோகான் செபஸ்தியான் பாக்கின் மகன் யோகான் கிறிஸ்தியான் பாக், இலண்டனில் வாழ்ந்து இசை இயற்றி வந்தார். அவருடைய இசைப்படைப்புகளைப் பதிப்பகத்தார் சிலர் அவர் இசைவின்றி அச்சிட்டு விற்றனர். அவர் வழக்குத் தொடுத்தார். இசைக்குறிகள் நிறைந்த தாள் சட்டம் கூறும் எழுத்தாகுமா என்பதே வழக்கின் உயிர்நிலை. 1777 ஆம் ஆண்டு மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்தார். கருத்தைக் குறிகளால் புலப்படுத்துவது எழுத்தாயின், இசையும் குறிகளால் எழுதப்படுவதே என்பது அவர் கொண்ட முடிவு. அன்று தொடங்கி இசைப்படைப்பு சட்டத்தின் காவலுக்குள் வந்தது.

உணவகத்தில் எழுந்த வழக்கு

பாக் பெற்ற வெற்றி அச்சிட்ட தாளைப் பற்றியது. தாளை விலைகொடுத்து வாங்கியவர், அதைக் கொண்டு ஆயிரம் பேர் கேட்கப் பாடினால் என் செய்வது? இதற்கு விடை 1847 ஆம் ஆண்டு பாரிசில் ஓர் உணவகத்தில் பிறந்தது. எர்னெஸ்ட் பூர்ழே என்னும் பாடலாசிரியர் நண்பர்களுடன் அங்குச் சென்று இனிப்பு நீர் பருகினார். அப்பொழுது அவ்வுணவகத்தின் இசைக்குழுவினர் அவருடைய படைப்பையே இசைத்துக்கொண்டிருந்தனர். பணம் கேட்டபோது அவர் தர மறுத்தார். தம் இசையை விலையின்றி நுகரும் கடைக்குத் தாம் மட்டும் பானத்திற்கு விலை தருவானேன் என்பது அவர் வாதம். வழக்கு நீதிமன்றம் சென்றது. வெற்றி அவர் பக்கமே நின்றது.

ஆயினும் ஒரு கவிஞர் ஊர்தோறும் கடைதோறும் நின்று பணம் கேட்டல் இயலுமோ? ஆகவே 1851 ஆம் ஆண்டு படைப்பாளர்கள் ஒன்றுகூடிச் சாசெம் என்னும் சங்கத்தை நிறுவினர். பாடல் இசைக்கப்படும் இடங்களிலிருந்து உரிமைத்தொகையைத் திரட்டிப் படைத்தவர்க்குப் பகிர்ந்தளிப்பது அதன் பணி. சிங்கப்பூரில் 1987 ஆம் ஆண்டு தோன்றிய காம்பஸ் அமைப்பும், மலேசியாவில் 1989 ஆம் ஆண்டு தோன்றிய எம்.ஏ.சி.பி. அமைப்பும் அவ்வழி வந்தவையே. உணவகங்களும் வானொலி நிலையங்களும் செலுத்தும் தொகையின் வரலாற்று வேர் அந்தப் பாரிசு உணவகத்தில் இருக்கின்றது.

உருளையும் இசைத்தட்டும்

அடுத்துப் பொறிகள் பாடத் தொடங்கின. துளையிட்ட தாள் உருளையைச் சுழற்றினால் பியானோ தானே இசைக்கும் கருவி அமெரிக்காவில் பரவிற்று. உருளை செய்தவர்கள் இசையமைப்பாளர்க்கு ஒரு காசும் தரவில்லை. 1908 ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் உருளை செய்தவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. துளைகளை மனிதர் கண்ணால் படித்து இசையை அறிய முடியாது. ஆதலின் உருளை இசையின் படியன்று என்பது அதன் முடிவு. சட்டத்தின் சொல்லுக்கு அது பொருந்தியிருக்கலாம். படைத்தவரின் வயிற்றுக்குப் பொருந்தவில்லை. அடுத்த ஆண்டே, 1909 இல், அமெரிக்க நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. ஓர் உருளைக்கு அல்லது இசைத்தட்டுக்கு 2 சென்டு படைத்தவர்க்குச் சேர்தல் வேண்டும். அதேபோது, ஒருவர்க்குப் பதிவு செய்ய இசைந்த இசையமைப்பாளர், அத்தொகையைச் செலுத்தும் பிறர்க்கும் அதனை மறுத்தல் ஆகாது. படைத்தவர் கூலியும் பெற்றார். பாட்டும் ஒருவர் கைக்குள் சிறைப்படவில்லை.

இந்நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஒரு போக்கு புலப்படும். புதிய கருவி முன்னே ஓடுகின்றது; சட்டம் பின்னே வந்து சேர்கின்றது. ஆனால், வந்து சேரும்போதெல்லாம் இது யார் உழைப்பு, பயன்படுத்துவோர் நோக்கம் யாது என்னும் இரண்டு வினாக்களையும் மனிதர் ஒருவர் அமர்ந்து கேட்டிருக்கின்றார்.

வகுப்பறையில் பிறந்த பாட்டு

இவ்வினாக்களைக் கேளாமல் விட்டால் நேர்வது யாது என்பதற்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பாட்டே சான்று. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மழலையர் பள்ளியில் பணியாற்றிய பேட்டி ஹில், மில்ட்ரெட் ஹில் என்னும் சகோதரியர், குழந்தைகள் காலை வணக்கம் கூறிப் பாடுவதற்கென ஓர் எளிய பாட்டை ஆக்கி 1893 ஆம் ஆண்டு வெளியிட்டனர். அம்மெட்டிலேயே பின்னர்ப் பிறந்தநாள் வாழ்த்துச் சொற்கள் வந்து பொருந்தின. காலப்போக்கில் அப்பாட்டின் உரிமை தமதே என்று வார்னர் சாப்பல் நிறுவனம் கூறித் திரைப்படங்களில் பயன்படுத்துவோரிடம் பணம் பெற்றுவந்தது. அப்பாட்டைப் பற்றியே ஆவணப்படம் எடுக்க முனைந்த ஒருவரிடமும் 1,500 டாலர் பெறப்பட்டது. அவர் 2013 ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தார். அந்நிறுவனத்திடம் பாட்டின் சொற்களுக்குச் செல்லத்தக்க உரிமை இல்லை என்று 2015 ஆம் ஆண்டு நீதிமன்றம் கூறியது. 2016 ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி 1 கோடியே 40 இலட்சம் டாலர் திருப்பித்தர நிறுவனம் இசைந்தது. இரண்டு ஆசிரியைகள் பிள்ளைகளுக்காக ஆக்கிய பாட்டு மக்களிடம் மீண்டு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

பாரதி பாடல்களின் விடுதலை

தமிழுலகமும் இவ்வினாவைச் சந்தித்தது. சந்தித்து ஒரு நல்ல விடையும் கண்டது. பாரதியார் 1921 ஆம் ஆண்டு மறைந்தார். ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டுகள் உரிமை நீடிக்கும் என்பது அன்றைய சட்டம். அக்கணக்கின்படி அவர் பாடல்கள் 1971 வரை தனியார் உடைமையாகவே இருந்திருக்கும். நூலுரிமை ஒருபுறமிருக்க, பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை தனியே கைமாறி ஏ. வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947 ஆம் ஆண்டு வெளிவந்த ‘நாம் இருவர்’ திரைப்படத்தில் டி. கே. பட்டம்மாளின் குரலில் பாரதி பாடல்கள் ஒலித்தபோது தமிழகம் அவற்றைக் கொண்டாடியது. அடுத்த ஆண்டு, டி. கே. எஸ். சகோதரர்களின் ‘பில்கணன்’ படத்தில் பாரதி பாட்டு இடம்பெற்றதை ஒட்டி உரிமைச் சிக்கல் எழுந்தது. விடுதலையைப் பாடிய கவிஞரின் பாட்டைப் பாடுவதற்கு ஒருவரிடம் இசைவு பெற வேண்டுமா என்று எழுத்தாளர்களும் கலைஞர்களும் குரல் எழுப்பினர்.

1949 ஆம் ஆண்டு, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புரிமையை ஏற்றது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த உரிமையை விலை பெறாமல் விட்டுக்கொடுத்தார். கவிஞரின் குடும்பத்தினர்க்கு அரசு தொகை வழங்கியது. பின்னர் அப்பாடல்கள் அனைவருக்கும் பொதுவாக்கப்பட்டன. ஈண்டு உற்றுநோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பாட்டு மக்களுக்கு உரியது என்று முழங்கியவர்களும், உரியவரை வெறுங்கையராய் விட்டுப் பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. கேட்டும் கொடுத்தும் பெற்றனர். பறிப்பதற்கும் விடுவிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஒரு பாட்டு, பல உரிமை

பாரதி பாடல் பொதுவுடைமை என்றால், பாரதி பாடல் ஒலிக்கும் எந்தப் பதிவையும் பள்ளிக் காணொளியில் சேர்த்துவிடலாமா? பலர் தடுமாறும் இடம் இதுவே. ஒரு பாட்டு என்று காது கேட்பது சட்டத்தின் கண்ணுக்குப் பல பொருள்களின் கூட்டு. சொற்கள் பாடலாசிரியர்க்கு உரியவை. மெட்டு இசையமைப்பாளர்க்கு உரியது. ஒலிப்பதிவு, பதிவு செய்த நிறுவனத்திற்கு உரியது. பாடிய குரலுக்கும் இசைத்த கைக்கும் கலைஞர் உரிமை என ஒன்று உண்டு. 2000 ஆம் ஆண்டு வெளிவந்த ‘பாரதி’ திரைப்படத்தில் கவிஞரின் பாடல்களுக்கு இளையராஜா புதிதாக இசையமைத்தார். அப்பாடல்களின் சொற்கள் பொதுவானவை. மெட்டும் ஒலிப்பதிவும் அவ்வாறல்ல. தேவாரத்தின் நிலையும் இதுவே. சம்பந்தரின் பதிகத்தை எவரும் பாடலாம். ஓதுவார் ஒருவர் பாடி நிறுவனம் வெளியிட்ட பதிவை எடுத்தாள இசைவு வேண்டும்.

இவ்வுரிமைகளை ஆக்கியவர்களே வைத்திருப்பதும் இல்லை. இந்தியத் திரைத்துறையில், ஊதியம் தந்து பாட்டு எழுதுவித்த தயாரிப்பாளரே, மாறான உடன்படிக்கை இல்லாதவிடத்து, முதல் உரிமையாளர் என்று 1977 ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புகழ்பெற்ற பாடல்களை எழுதிய பலர்க்கு முதலில் பெற்ற தொகையே முடிவான தொகையாயிற்று. 2012 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இந்நிலையை மாற்றியது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையில் தமக்குரிய பங்கை விட்டுக்கொடுக்க முடியாதபடி அது காப்பளித்தது. உரிமைத்தொகை என்றவுடன் பெருநிறுவனங்களின் பேராசை மட்டுமே நினைவுக்கு வருதல் முறையன்று. முதுமையில் மருந்துச் செலவுக்கு அதனை நம்பியிருக்கும் கலைஞரும் அதனுள் அடங்குவர்.

நீதிபதியின் இடத்தில் பொறி

2005 ஆம் ஆண்டு யூடியூப் தோன்றியது. அதுகாறும் காணொளியை உலகிற்கு ஒளிபரப்ப நிலையமும் கோபுரமும் வேண்டியிருந்தன. இப்பொழுது ஒரு கைப்பேசி போதுமானதாயிற்று. பிறர் ஏற்றிய காணொளிக்கு இணையதளம் எந்த அளவு பொறுப்பாகும் என்பதை அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்திருந்தது. உரிமையாளர் முறையிட்டால் காணொளியை விரைந்து நீக்கும் தளம், பொறுப்பிலிருந்து விலக்குப் பெறும் என்பது அதன் சாரம்.

2007 ஆம் ஆண்டு, பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு தாய் தம் சிறு குழந்தை சமையலறையில் ஆடியதை 29 நொடிக் காணொளியாக ஏற்றினார். பின்னணியில் பிரின்ஸ் என்னும் பாடகரின் பாட்டு மங்கலாக ஒலித்தது. யுனிவர்சல் நிறுவனத்தின் முறையீட்டால் காணொளி நீக்கப்பட்டது. தாய் வழக்காடினார். நீக்கக் கோருமுன் அப்பயன்பாடு நியாயமானதா என்பதை உரிமையாளர் கருதிப் பார்த்தல் வேண்டும் என்று 2015 ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 29 நொடிக்கு 8 ஆண்டுகள் ஆயின.

ஆனால், அதே 2007 ஆம் ஆண்டில் யூடியூப் வேறொரு வழியைக் கண்டது. உரிமையாளர் தரும் ஒவ்வொரு பதிவிலிருந்தும், மனிதர் கைரேகை போன்றதோர் ஒலிரேகையைக் கணினி எடுத்து வைத்துக்கொள்ளும். ஏற்றப்படும் காணொளிகளின் ஒலியை அதனோடு ஒப்பிடும். பொருந்தினால் காணொளியைத் தடுப்பதா, விளம்பரம் சேர்த்து வருவாய் பெறுவதா, எத்தனை பேர் காண்கின்றனர் எனக் கணக்கெடுப்பதோடு அமைவதா என்பதை உரிமையாளர் முன்னரே தெரிவு செய்திருப்பார். நாள்தோறும் குவியும் காணொளிகளை மனிதர் அமர்ந்து பார்த்தல் இயலாது. ஆகவே பொறி தேவைப்பட்டது. எனினும் அது ஒலியை மட்டுமே அறியும். பாட்டைத் திருடியவரையும், அதன் யாப்பைப் பத்து நொடி எடுத்துக்காட்டி விளக்கும் ஆசிரியரையும் அது வேறுபடுத்தி அறியாது.

ஒலியையும் சிலபோது அது பிழைபட அறியும். 2018 ஆம் ஆண்டு ஜேம்ஸ் ரோட்ஸ் என்னும் பியானோ கலைஞர், தாமே வாசித்த பாக்கின் இசையை முகநூலில் ஏற்றினார். அதில் 47 நொடி சோனி நிறுவனத்திற்கு உரியது எனக் கூறி ஒலி அடக்கப்பட்டது. இயற்றிய பாக் 1750 இலேயே மறைந்தவர், வாசித்தவரோ ரோட்ஸ். அவர் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தபின் கோரிக்கை கைவிடப்பட்டது. தந்தை பாக்கின் இசைக்கு நேர்ந்த இந்நிலையை, படைப்போர் உரிமைக்காக 1777 இல் வென்ற மகன் பாக் கண்டிருப்பின் யாது கூறியிருப்பார்!

பத்து நொடிக்குட்பட்டால் குற்றமில்லை என்னும் பேச்சு எங்கும் வழங்குகின்றது. அவ்வாறான பொதுவிதி உலகில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆம் ஆண்டு நெறிமுறையை ஒட்டி, ஜெர்மனி 2021 இல் இயற்றிய சட்டம், பிற உள்ளடக்கத்தோடு சேர்த்துப் பொருள் ஈட்டும் நோக்கமின்றிப் பயன்படுத்தப்படும் 15 நொடி வரையிலான ஒலித்துண்டை, பொறி தானே தடுத்துவிடாதபடி காக்கின்றது. அது அந்நாட்டின் ஏற்பாடு. பிற நாட்டார்க்குப் பொருந்தாது.

மேடையும் இணையமும்

மலேசியாவில் 1987 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும், சிங்கப்பூரில் 2021 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இன்று நடைமுறையில் உள்ளன. ஆசிரியர் மறைந்தபின் உரிமை மலேசியாவில் 50 ஆண்டும், இந்தியாவில் 60 ஆண்டும், சிங்கப்பூரில் 70 ஆண்டும் நீடிக்கின்றது. ஆகவே ஜொகூர்ப் பாலத்தின் ஒரு கரையில் பொதுவாகிவிட்ட பாட்டுக்கு மறு கரையில் இசைவு தேவைப்படலாம்.

இரு சட்டங்களும் கல்விக்கு இடம் விடுகின்றன. நுழைவுக் கட்டணமின்றிக் கல்வி நோக்கில் ஆதாயம் கருதாத நிறுவனம் நடத்தும் நிகழ்ச்சிக்கு மலேசியச் சட்டம் விலக்களிக்கின்றது. ஆய்வு, தனிப்பயிற்சி, திறனாய்வு முதலிய நோக்கங்களுக்கான நியாயமான பயன்பாட்டை 2012 ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் விரிவாக்கிற்று. சிங்கப்பூர்ச் சட்டமும் நியாயமான பயன்பாட்டை ஏற்று, நோக்கம், படைப்பின் இயல்பு, எடுத்த அளவு, உரியவர் சந்தைக்கு நேரும் விளைவு ஆகிய நான்கையும் எடைபோடச் சொல்கின்றது. ஆனால், பள்ளி மண்டபத்தில் பாடலை ஒலிக்கச் செய்வது ஒரு செயல். அந்நிகழ்ச்சியைப் படம்பிடித்து உலகம் காண இணையத்தில் வைப்பது மற்றொரு செயல். முன்னதற்குக் கிடைத்த விலக்கு பின்னதற்குத் தானே நீளாது. திங்கள்தோறும் கட்டணம் செலுத்திப் பாடல் கேட்பவர்க்கும், கேட்கும் உரிமை உண்டேயன்றிப் படத்தோடு சேர்த்து வெளியிடும் உரிமை இல்லை. பாடலின் பெயரையும் பாடியவர் பெயரையும் குறிப்பிட்டு நன்றி கூறுவது பண்பாடு. அது இசைவுக்கு ஈடாகாது.

வழிகள் அடைபட்டுவிடவில்லை. உரியவர்க்கு எழுதி இசைவு பெறலாம். குறித்த நிபந்தனைகளுடன் எவரும் பயன்படுத்தப் படைப்பாளரே திறந்துவைத்த இசை, 2002 முதல் வழங்கிவரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் கிடைக்கின்றது. இவற்றினும் சிறந்த வழி பள்ளியினுள்ளேயே இருக்கின்றது. ஆக்கியோர் பெயர் அறியப்படாத தோட்டப்புற நாட்டுப்பாடலையோ, தாலாட்டையோ, கும்மியையோ, பாரதியின் பாடலைத் தாமே அமைத்த மெட்டிலோ மாணவர்கள் பாடி, மாணவர்களே மத்தளமும் கஞ்சிராவும் கொட்டிப் பதிவு செய்தால், அப்பதிவு அப்பள்ளியின் உடைமை. அதன்மீது பொறி தவறாகக் கை வைத்தால் மறுப்புத் தெரிவித்து வாதிடும் தகுதியும் அப்பள்ளிக்கு உண்டு. அவ்வாறு மறுப்பதற்கு நடைமுறை இருக்கின்றது. அஞ்சி வாளாவிருத்தல் வேண்டா. ரோட்ஸ் வாய் மூடி இருந்திருப்பின் பாக்கின் இசை ஊமையாகவே கிடந்திருக்கும்.

மொழிப்பாடத்தில் மாணவர் ஒருவர் பிறர் கட்டுரையைப் பெயர்த்தெழுதித் தமது என்று தந்தால் ஆசிரியர் ஏற்பதில்லை. மேற்கோள் காட்டி எழுதியவர் பெயரைக் குறித்தால் பாராட்டுகின்றார். இசையிலும் அதே நெறியைக் கற்பித்தல் இயலும். காணொளி ஒன்றை ஆக்கும் மாணவர் இதன் சொல் யாருடையது, மெட்டு யாருடையது, குரல் யாருடையது, அவருள் எவரிடம் கேட்டோம் என்னும் நான்கு வினாக்களுக்கும் ஏட்டில் விடை எழுதிவிட்டுப் பணியைத் தொடங்குவாராயின், மான்ஸ்ஃபீல்டு பிரபுவின் நீதிமன்றத்தில் எழுந்த வினாவை அவர் தம் வகுப்பறையில் எழுப்பியவர் ஆகின்றார். பொறி கேளாமல் விட்ட வினாவைக் கேட்கும் பொறுப்பு இனி அவருடையது.